எடைக்குப் போடுமுன் ஒரு மாதம் பொறுங்கள்

நூலகத்தின் நூல் நீக்கக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

போன மாதம் நான் உங்கள் நூலகத்துக்கு வந்தபோது நடந்தது உங்களுக்குத் தெரிந்ததுதான்: நான் தேடி வந்த பழைய புத்தகம் ஒன்றை நீங்கள் கழித்து எடைக்குப் போட்டிருந்தீர்கள். அன்று மாலையே எழுத்து மூலமாகப் புகார் கொடுத்துவிட்டேன். "விதிமுறைப்படியே நூல்கள் கழிக்கப்பட்டன" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. விதிமுறையை நீங்கள் மீறியதாக நான் எங்கேயும் சொல்லவில்லை. விதிமுறைப்படி நடந்தே இப்படி ஆகியிருக்கிறதே, அதுதான் என் கவலை. அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் தேடி வந்தது உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த புறநானூற்றின் பழைய பதிப்பு ஒன்றை. புறநானூறு எந்தப் புத்தகக் கடையிலும் கிடைக்குமே என்று நீங்கள் கேட்கலாம். கிடைக்கும், என் வீட்டிலேயே மூன்று இருக்கின்றன. ஆனால் உங்களிடம் இருந்த பிரதி வேறு. தமிழாசிரியராக இருந்து மறைந்த ஒருவரின் குடும்பத்தார் நூலகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது அது. பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் பென்சிலால் பொடி எழுத்தில் குறிப்புகள் இருந்தன. தம் வீட்டில் இருந்த ஓர் ஏட்டுச் சுவடியையும் அச்சுப் புத்தகத்தையும் அருகருகே வைத்துக்கொண்டு, எங்கெங்கே பாடம், அதாவது பாட்டின் சொல், வேறுபடுகிறது என்று அவர் குறித்திருந்தார். 'வீட்டு ஏட்டில் வேறு' என்று ஓர் அம்புக்குறி, அதன் நுனியில் அந்தச் சொல். சில இடங்களில் 'ஏடு சிதைவு' என்று மட்டும் இருக்கும். இரண்டு மூன்று இடங்களில் தேதிகூடப் போட்டிருந்தார்.

அந்தச் சுவடி இப்போது இல்லை. குடும்பத்தாரிடம் விசாரித்துவிட்டேன். பழைய வீட்டை இடித்த வருடம் அதுவும் போய்விட்டதாம். ஆக, அந்த ஏட்டில் என்ன இருந்தது என்பதற்கு உலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே சாட்சி அந்தப் பென்சில் எழுத்துதான்.

ஆறு வருடங்களுக்கு முன் பதினோரு நாள் உங்கள் வாசிப்பு அறையில் உட்கார்ந்து அந்தக் குறிப்புகளைப் படி எடுத்தேன். வருகைப் பதிவேட்டில் என் கையெழுத்து இருக்கும். பென்சில் மங்கிப்போயிருந்ததால் ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். நல்ல வெளிச்சம் இருக்கிற நாளிலேயே பதினெட்டு, இருபது பாட்டுக்கு மேல் முடியாது. 182ஆம் பாட்டு வரை வந்தேன். அப்புறம் வீட்டில் உடம்பு சரியில்லாமல் போய், வேலையும் மாறி, வருடங்கள் ஓடிவிட்டன. மீதியை முடிக்கத்தான் போன மாதம் வந்தேன்.

ஊழியர் ஒருவர் மிகுந்த பொறுமையோடு இருப்புப் பதிவேட்டை எடுத்து வந்து காட்டினார். சேர்க்கை எண் இருக்கிறது. தலைப்பு, விலை, அன்பளிப்பு என்ற குறிப்பு எல்லாம் இருக்கின்றன. குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு. கடைசிக் கட்டத்தில் 'கிழிந்த நிலை, பத்து ஆண்டுகளாக இரவல் இல்லை, கழிவு' என்று எழுதியிருந்தது.

இந்த ஒரு கட்டத்தைப் பற்றிக் கேட்காமல் இருக்க முடியவில்லை. அந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் 'பார்வைக்கு மட்டும்' என்று உங்கள் நூலக முத்திரைதான் இருந்தது. இரவல் தர மாட்டோம் என்று முத்திரை குத்தி அலமாரியில் வைத்த ஒரு புத்தகத்தை, யாரும் இரவல் வாங்கவில்லை என்ற காரணத்துக்காகக் கழித்திருக்கிறீர்கள். பதினோரு நாள் அதே அறையில் நான் அதைத் திருப்பித் திருப்பிப் படித்தது எந்தக் கட்டத்திலும் பதிவாகவில்லை. எனக்கு முன் வந்து படித்தவர்கள் எத்தனை பேரோ, அவர்களும் பதிவாகவில்லை. குழுவில் இருந்த ஒருவராவது அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்த்தீர்களா? திறந்திருந்தால் பென்சில் எழுத்து கண்ணில் பட்டிருக்கும்.

யாரும் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் ஏடுகள் அழிந்ததெல்லாம் பெரும்பாலும் இப்படித்தான். உ.வே.சா. ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குப் போன கதையைத் தம் 'என் சரித்திரம்' நூலில் எழுதியிருக்கிறார். வரகுணபாண்டியர் வைத்திருந்த சுவடிகளெல்லாம் அந்தக் கோயிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஆசையோடு போனார். அங்கே இருந்தவர் சொன்ன பதில், பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்துத் தீயில் இடவேண்டும் என்று ஆகமத்தில் இருக்கிறதாம், அப்படியே செய்துவிட்டோம் என்பது. அவர்களும் கடமை தவறியவர்கள் இல்லை. சாஸ்திரம் என்று தாங்கள் நம்பியதைச் சிரத்தையாகத்தான் செய்தார்கள். ஆடிப் பதினெட்டு அன்று ஏடுகளை ஆற்றில் விட்ட குடும்பங்களும் பக்தியோடுதான் விட்டன. அந்தத் தீயிலும் ஆற்றிலும் என்னென்ன போனது என்று இன்றுவரை யாராலும் சொல்ல முடியவில்லை. போடுமுன் பட்டியல் எழுதியவர் யாரும் இல்லை.

பட்டியல். நான் கேட்பது அதைத்தான். பழைய நூல்களைக் கழிக்குமுன் பட்டியலை ஒரு மாதம் வெளியே ஒட்டுங்கள்.

ஏடுகளைத் தேடிப்பிடித்து அச்சில் ஏற்றிய மனிதர்கள் பட்ட பாட்டைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டுகிறேன். சி.வை.தாமோதரம் பிள்ளை யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவர். உத்தியோகம் பார்த்துக்கொண்டே வீரசோழியம், இறையனார் களவியல், தொல்காப்பியப் பொருளதிகாரம் ஆகிய பழைய இலக்கண நூல்களை அச்சில் கொண்டுவந்தார். 1887இல் கலித்தொகையை வெளியிட்டபோது பதிப்புரையில் ஏடுகளின் நிலையை எழுதினார். எடுத்தால் ஓரம் உதிர்கிறது, கட்டை அவிழ்த்தால் இதழ் முறிகிறது, புரட்டினால் துண்டாய்ப் பறக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டே போவதைப் படித்தால் நம் விரல் நுனியில் அந்தத் தூள் ஒட்டுகிற மாதிரி இருக்கும். அப்படி உதிர்ந்துகொண்டிருந்ததை அவர் 'கிழிந்த நிலை' என்று தள்ளிவிடவில்லை.

உ.வே.சா. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த வருடமே அங்கே முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக, இருந்த சேலம் இராமசாமி முதலியார் சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்ட ஒரு கேள்வி அவர் வாழ்க்கையையே திருப்பிவிட்டது. அதை அச்சில் பார்க்க ஏழு வருடம் ஆனது. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. ஒவ்வொன்றுக்கும் ஊர் ஊராகப் போய் ஏடு தேடினார். ஏடு கொடுத்தவர்களின் பெயரை மறக்காமல் முன்னுரையில் எழுதினார்.

புறநானூற்றில் 267, 268 என்று இரண்டு எண்கள் இருக்கின்றன, பாட்டு இல்லை. கிடைத்த ஏடுகளில் அவை இல்லை. எண்களை மாற்றி வரிசையை ஒழுங்காக்கிவிட்டு அவர் நகர்ந்திருக்கலாம். செய்யவில்லை. இல்லாததை இல்லை என்று காட்டி, எடுத்து வைக்க இடம் விட்டுப் போனார். பிற்பாடு யாராவது கண்டுபிடிப்பார்கள் என்று நம்பியிருப்பார் என்றுதான் நான் நினைக்கிறேன். அந்தத் தமிழாசிரியர் தம் வீட்டு ஏட்டைப் பார்த்துப் புத்தகத்தில் 267க்கு நேரே என்ன எழுதியிருந்தார்? எனக்குத் தெரியாது. என் படி 182இல் நிற்கிறது. ஒன்றுமே எழுதாமல் விட்டிருக்கலாம். இனி அதைக்கூட உறுதியாகச் சொல்ல வழியில்லை. ராத்திரி படுத்தால் இதுதான் நினைவுக்கு வருகிறது.

நம் நாட்டில் பெரியவர்களை நினைவுகூர்வதே ஒரு மாதிரி ஆகிவிட்டது. பிறந்த நாளுக்கு மாலை, நினைவு நாளுக்கு மாலை, தெருவுக்குப் பெயர். பள்ளிப் பிள்ளைகளுக்குத் 'தமிழ்த் தாத்தா' யார் என்று கேட்டால் உடனே சொல்வார்கள். அவர் என்ன செய்தார் என்று கேட்டால் 'ஓலைச்சுவடிகளைப் பதிப்பித்தார்' என்பார்கள். பதிப்பித்தல் என்றால் என்ன என்று அடுத்த கேள்வி கேட்டால் வாத்தியாரும் சேர்ந்து முழிக்கிறார். பத்து ஏட்டை ஒப்பிட்டு ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்க ஒரு மனிதன் எத்தனை இரவு விழித்திருந்தான் என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமானால், அந்தப் பழைய பதிப்பையும் அதன் ஓரத்துக் குறிப்பையும்தான் கையில் கொடுத்துக் காட்ட வேண்டும். சிலையைக் காட்டி அதைச் சொல்லித்தர முடியாது. தாமோதரம் பிள்ளையின் பெயரோ பல பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன்.

உங்கள் கஷ்டங்களும் எனக்குத் தெரியும். மழைக்கு ஒழுகுகிற கூரை, கறையான், ஒவ்வொரு வருடமும் வந்து குவிகிற புதுப் புத்தகங்கள், தணிக்கைக்குக் காட்ட வேண்டிய கணக்கு, ஆள் பற்றாக்குறை. எல்லாப் புத்தகத்தையும் என்றென்றைக்கும் வைத்திருங்கள் என்று நான் சொல்லவில்லை. பழைய போட்டித் தேர்வுக் கையேடுகளைத் தாராளமாகக் கழியுங்கள். ஆனால் 1960க்கு முன் அச்சான நூல்களையும், கையெழுத்துக் குறிப்பு உள்ள அன்பளிப்பு நூல்களையும் கழிக்குமுன் ஒரு மாதம் பொறுங்கள். பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். உங்களால் வைத்திருக்க முடியாததை எடுத்துக்கொள்வார்களா என்று தமிழ் இணையக் கல்விக்கழகத்துக்கோ ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கோ எழுதிக் கேளுங்கள். அந்த ரோஜா முத்தையாவே கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர்தான். அவர் தனியாளாகத் தேடிச் சேர்த்த நூல்களும் இதழ்களும்தான் அவர் 1992இல் மறைந்த பின் 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக எழுந்தன. தனி ஆளால் முடிந்தது, வீட்டு வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி வாங்குகிற ஓர் அமைப்பால் முடியாதா?

'ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர்' என்பது சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று. நீங்கள் எல்லோரும் படித்துத் தேர்வு எழுதிய விதி. அந்தப் புறநானூற்றுக்கு உரிய வாசகன் பஸ் பிடித்து வந்து உங்கள் மேசை முன் நின்றேன். புத்தகம்தான் இல்லை.

பட்டியல் தயாரிக்க ஆள் இல்லையென்றால் நான் வருகிறேன். பழைய நூல்கள் படிக்கத் தெரிந்த நண்பர்கள் நான்கு பேரையும் கூட்டி வருகிறேன். சம்பளம் வேண்டாம், உட்கார ஒரு மேசை கொடுத்தால் போதும். ஞாயிற்றுக்கிழமைகளில்கூட வருவோம்.

கடைசியாக ஒன்று. கழித்த நூல்களை எந்தத் தேதியில், எந்தப் பழைய காகிதக் கடைக்கு எடைக்குப் போட்டீர்கள் என்ற ரசீது உங்கள் கோப்பில் இருக்கும். தயவுசெய்து அதன் நகலை எனக்குக் கொடுங்கள். நான்கு மாதம்தான் ஆகிறது. எல்லா மூட்டையும் உடனே ஆலைக்குப் போய்விடாது என்று அந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். நானே போய்த் தேடிப் பார்க்கிறேன். அட்டை பச்சைக் காலிக்கோ துணி, முதுகில் வெள்ளைத் துணி ஒட்டியிருக்கும்.

1 முதல் 182 வரை நான் எடுத்த படியின் நகலை இந்த மடலோடு இணைத்திருக்கிறேன். அதையாவது அந்தச் சேர்க்கை எண்ணின் கீழ் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நூலகத்தின் பழைய வாசகன்