உள்படிக்காக மெட்ராஸ் டெரஸை வெட்டும் முன்

அடையாறு, சென்னை

அன்புள்ள முருகேசா,

உன் கடிதமும் அறையின் அளவுகளும் கிடைத்தன. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம், சின்னவனுக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. வீட்டுக்குள்ளிருந்து மொட்டைமாடிக்குப் படி வைக்கக் கொத்தனார் அடுத்த வாரமே தளத்தை உடைக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். தயவுசெய்து அவரைக் கொஞ்சம் நிறுத்திவை.

உன் மயிலாப்பூர் வீட்டுத் தளம் காங்கிரீட் இல்லையே, பழைய மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளின் மேல் 1 அங்குலக் கனமுள்ள அச்சுக்கல்லை, அதாவது சின்னச் செங்கல்லை, மூலைவாட்டில் நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டி, மேலே 3 அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்து, அதன் மேல் தட்டோடு, அதாவது தட்டையான சுட்ட ஓடு, பதித்தது. இதற்குள் கம்பி கிடையாது. கற்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டுதான் நிற்கின்றன. விளிம்பை அவிழ்த்துவிட்டால் வரிசையாக உதிரும். எடையும் சதுர அடிக்குச் சுமார் 40 கிலோ வரும். தாங்க வேண்டியது முதலில் நிற்கட்டும், வெட்டுவது அப்புறம்.

படிக் கணக்கு இப்படி. அறைத் தரையிலிருந்து மாடித் தட்டோடு வரை 11 அடி 6 அங்குலம். மழைத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க மாடிக் கதவின் வாசல்படி 6 அங்குலம் உயர வேண்டும். அதையும் சேர்த்தால் 12 அடி, 20 படி, ஒவ்வொன்றும் 7.2 அங்குல உயரம். பலர் வாசல்படியை மறந்துவிட்டுக் கடைசிப் படியை மட்டும் உயரமாக்கிவிடுவார்கள், வயதானவர்கள் இடறுவது அங்கேதான். மிதி, அதாவது கால் வைக்கும் அகலம், 10 அங்குலம். ஒரே ஓட்டத்தில் 15 படிக்கு மேல் வேண்டாம். ஆகவே 5 படி ஏறி ஒரு திருப்பு மேடை, அங்கிருந்து நீளச் சுவரை ஒட்டி 15 படி. மேடை 3 அடி உயரத்தில் இருக்கும். தளமும் கட்டையும் சேர்ந்து 15 அங்குலக் கனம் என்பதால், மேடையில் நிற்பவருக்கு மேலே 7 அடி 3 அங்குலம் கிடைக்கிறது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு கேட்பது 2.2 மீட்டர், அதாவது சுமார் 7 அடி 2½ அங்குலம், மயிரிழையில் தேறுகிறது. அடுத்த படியிலிருந்து மேலே திறப்பு இருந்தே ஆக வேண்டும். திறப்பின் நீளம் 11 அடி 8 அங்குலம், அகலம் 3 அடி 3 அங்குலம்.

படியைக் கட்டையின் போக்கிலேயே வைத்தால் இரண்டு கட்டை மட்டும் போகும். ஆனால் கட்டைகள் ஓடுவது அறையின் அகலத்தில், அந்த 10 அடிக்குள் இந்தப் படி அடங்காது. குறுக்கே வைப்பதால் ஏழெட்டுக் கட்டைகளை அறுக்க வேண்டிவரும். அவற்றின் அறுந்த நுனிகளுக்குப் புதிய தாங்கல் எது என்பதுதான் இந்த வேலையின் உயிர்.

படியின் திறந்த பக்கத்தில், அறையின் 16 அடி நீளத்துக்கும் 150 மி.மீ. ஐ-பீம் (ஐ வடிவ இரும்பு உத்தரம்) ஒன்றைக் கட்டைகளுக்கு அடியில் ஓட்டு. இரண்டு முனையும் சுவரில் குறைந்தது 6 அங்குலம் உட்கார வேண்டும், அடியில் பாரத்தைப் பரப்பும் காங்கிரீட் கட்டி (பெட் பிளாக்) கட்டாயம். சுண்ணாம்புச் சுவரில் பீமை நேராக வைத்தால் செங்கல் நொறுங்கும். நடுவில் ஒரு இரும்புத் தூண் கொடு, இல்லாவிட்டால் பீம் தொய்யும். தூணை ரெட் ஆக்சைடு தரைமேல் நிறுத்தாதே. தரையைத் தோண்டி, இரண்டரை அடிச் சதுரத்தில் காங்கிரீட் அடித்தளம் போட்டு எழுப்பு.

பீம் ஏற்றுவதற்கு முன் வெட்டுக்கோட்டின் இரண்டு பக்கமும் மூன்றடிக்கு ஒரு ஜாக்கி (திருகி உயரம் கூட்டும் இரும்பு முட்டு), மேலும் கீழும் பலகை வைத்து நிறுத்து. ஜாக்கி தளத்தைத் தொட்டு நிற்க வேண்டும், தூக்கக் கூடாது. திருகு அரை அங்குலம் கூடினாலே மேலே தட்டோடு விரிசல் விடும். கட்டைக்கும் பீமுக்கும் இடைவெளி தெரிந்தால் எஃகுத் தகடு செருகு. ஆசாரி மரச்சில்லு செருகப் பார்ப்பார், விடாதே, அது நாளடைவில் நசுங்கிவிடும். இதெல்லாம் முடிந்த பிறகே அறுப்பு, அதுவும் கட்டிங் மெஷினால். சம்மட்டியே வேண்டாம்.

மேல்முனையில் படியின் பாரத்தைக் கட்டையில் ஏற்றாதே. சுவருக்கும் பீமுக்கும் குறுக்கே 150 மி.மீ. சி-சேனல் (சி வடிவ இரும்பு உத்தரம்) போட்டு அதில் உட்கார வை. சுவரில் ஆங்கர் போல்ட் அடித்துப் படியைத் தொங்கவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே, சுண்ணாம்புக் கலவையில் போல்ட் பிடிக்காது.

நீளச் சுவரையும் கவனி. இவ்வளவு காலம் அதன் தலையைக் கட்டைகள் பிடித்திருந்தன, இனி பிடிப்பு இல்லை. கட்டை இருந்த பொந்துகளைச் செங்கல்லால் அடைத்து, 9க்கு 6 அங்குலத்தில் 10 மி.மீ. கம்பி நான்கு வைத்து ஒரு காங்கிரீட் பட்டை ஓட்டு.

ஹெட்ரூம், அதாவது திறப்பின் மேல் மாடியில் எழுப்பும் சின்ன அறை, அதன் சுவரில்தான் எனக்குப் பயம் அதிகம். நாலரை அங்குலச் செங்கல் சுவர் 7 அடி உயரத்துக்கு, பூச்சோடு, நீளத்தில் அடிக்கு 150 கிலோவைத் தாண்டும். நீளச் சுவரின் மேல் அதைக் கட்டலாம். மற்ற மூன்று பக்கமும் 50 மி.மீ. சதுரக் குழாய்ச் சட்டத்தில் சிமென்ட் போர்டு அடி, அடிக்கு 25 கிலோவோடு முடியும். செங்கல்தான் உறுதி என்று கொத்தனார் சொல்லலாம். செங்கல் உறுதிதான், கீழே தாங்குவது மரக்கட்டை ஆயிற்றே.

வெட்டிய விளிம்பைச் சுற்றி 6 அங்குலத் திண்டு எழுப்பி, தட்டோட்டோடு சேரும் இடத்தை வட்டமாகப் பூசச் சொல். சித்திரைக்குள் வேலை முடிந்தால் நல்லது, ஐப்பசி மழைக்கு முன் சுண்ணாம்பு இறுகிவிடும்.

ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் இந்த அளவுகளைக் காட்டிக் கையெழுத்து வாங்கு. அதற்கு முன் ஏணி வைத்து ஏறி, சுவருக்குள் போகும் ஒவ்வொரு கட்டை நுனியையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார். கால் அங்குலத்துக்கு மேல் இறங்கினாலோ, தட்டும்போது பொத்தென்று கேட்டாலோ கட்டை கரையானாலோ ஈரத்தாலோ கெட்டிருக்கலாம். எத்தனை கட்டையில் என்று எழுது, பீம் கனத்தை அதற்குத் தகுந்தபடி மாற்ற வேண்டிவரலாம்.

அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

அன்புடன்,
ரங்கன்