38 வயதிலும் ‘பொண்ணு’தானா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் அடுத்தடுத்த பக்கங்களில் வந்த இரண்டு செய்திகளைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. முதல் செய்தியில், சொந்தமாகத் தொழில் தொடங்கிப் பலருக்கு வேலை கொடுத்துவரும் 41 வயதுக்காரரை ‘சாதித்துக் காட்டிய இளம்பெண்’ என்று தலைப்பில் போட்டிருந்தீர்கள். பக்கத்தைத் திருப்பினால், வன்முறைக்கு ஆளான 15 வயது மாணவியும் ‘இளம்பெண்’. இருவருக்கும் ஒரே சொல். எழுதியவர் கெட்ட எண்ணத்தோடு எழுதியிருக்க மாட்டார், தெரியும். ஆனாலும் முதல் செய்தி ஒருவரின் இருபது வருட உழைப்பைச் சின்னதாக்கிவிட்டது. இரண்டாவது செய்தி, குழந்தை என்று படித்திருந்தால் நமக்கு எப்படிப் பதறியிருக்குமோ அந்தப் பதற்றத்தையே இல்லாமல் ஆக்கிவிட்டது.

ஆங்கிலத்தில் ‘கேர்ள்’, ‘வுமன்’ என்று இரண்டு சொல் இருக்கிறது, எதை எங்கே சொல்வது என்று அங்கே சண்டை. நமக்கு அன்றாடப் பேச்சில் ‘பெண்’ என்ற ஒரே சொல்தான் எல்லா வேலையும் பார்க்கிறது. பெற்ற மகளும் பெண், கல்யாணப் பெண்ணும் பெண், பாட்டியும் பெண். அதனால் நமக்கு இந்தச் சிக்கலே கிடையாது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாம் வயதையும் மதிப்பையும் வேறு இடத்தில் காட்டுகிறோம். பெண்ணைப் ‘பொண்ணு’ ஆக்குவதில் காட்டுகிறோம், வினைச்சொல்லின் வாலில் காட்டுகிறோம். ‘அந்தப் பொண்ணு சொல்லுச்சு’, ‘அவ சொன்னா’, ‘அவங்க சொன்னாங்க’ என்ற மூன்றும் ஒரே ஆளைப் பற்றியதாக இருக்கலாம். மூன்றையும் கேட்பவர் மனதில் மூன்று வேறு ஆட்கள் வந்து நிற்பார்கள்.

எனக்கு நடந்ததையே சொல்கிறேன். எனக்கு 38 வயது. பதினைந்து வருடமாகக் கணக்குத் தணிக்கை வேலை. ஒரு நாள் வெளியிலிருந்து வந்தவர்களிடம் எங்கள் மேலாளர் எங்களை அறிமுகம் செய்துவைத்தார். போன வருடம் சேர்ந்த, நானே வேலை கற்றுக்கொடுத்த 24 வயதுத் தம்பியைக் காட்டி, “சார் புதுசா வந்திருக்கார்” என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, “இந்தப் பொண்ணு எல்லாத்தையும் பாத்துக்கும், ரொம்பச் சமத்து” என்றார். வந்தவர்கள் அன்று முழுக்கக் கேள்விகளை அந்தத் தம்பியிடமே கேட்டார்கள். அவர் பாவம், ஒவ்வொரு கேள்விக்கும் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னார்.

மறுநாள் மேலாளரிடம் தனியாகப் பேசினேன். “பாசமாத்தானேம்மா சொன்னேன்” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே பாசம் உண்டு. வீட்டுப் பாசத்தை எடுத்து வேலை நடக்கும் இடத்தில் வைத்ததுதான் தப்பு. “24 வயசுத் தம்பியைப் பையன்னு சொல்லியிருப்பீங்களா சார்?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அடுத்த கூட்டத்தில் என் பெயரையும் பதவியையும் சொல்லி, “இவங்கதான் இதை நடத்துறாங்க” என்றார்.

அந்தக் கேள்வியைத்தான் இன்றைக்கும் அளவுகோலாக வைத்திருக்கிறேன். அதே வயதில், அதே இடத்தில், அதே வேலையில் ஒரு ஆண் இருந்தால் ‘பையன்’ என்போமா? என்போம் என்றால் ‘பொண்ணு’ என்று சொல்வதில் குற்றமில்லை. கல்லூரியில் முதல் வருடம் படிக்கும் 18 வயதுக்காரர்களை ‘பசங்களும் பொண்ணுங்களும்’ என்று சேர்த்துச் சொல்கிறோம், சரி, இரண்டு பக்கமும் சமம்தான். ஆனால் ‘டாக்டர் சாரும் அந்த நர்ஸ் பொண்ணும்’ என்றால் சமம் எங்கே? அந்த நர்ஸ் டாக்டரைவிட மூத்தவராகவே இருக்கலாம்.

வளர்ந்த ஆளைச் சின்னப் பிள்ளையாக்கும் சொல் எவ்வளவு காயப்படுத்தும் என்பதற்கு ஆண்களிடமிருந்தே ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவில் கறுப்பின ஆண்களை, தலை நரைத்தவர்களைக்கூட, ‘பாய்’, அதாவது பையன், என்று கூப்பிடுவது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. 1968-ல் மெம்ஃபிஸ் நகரத் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது ‘ஐ ஆம் எ மேன்’ என்று எழுதிய அட்டைகளை ஏந்தி நடந்தார்கள். கூலியும் பாதுகாப்பும் கேட்ட போராட்டம் அது. அந்தக் கோரிக்கைகளுக்கு முன்னால் பிடித்து நடக்க, நான் பையன் இல்லை, வளர்ந்த மனிதன் என்ற ஒரு வரி அவர்களுக்குத் தேவைப்பட்டது. ‘ஒரு சொல்லுக்குப் போய் இவ்வளவா?’ என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

இன்னொரு கோணல் கல்யாணம். 45 வயதானாலும் மணமாகாதவர் என்றால் ‘அந்தப் பொண்ணு’. 20 வயதில் மணமானவர் உடனே ‘அந்த அம்மா’. ஆணுக்கு இப்படி ஒரு கோடு கிடையாது. மணமாகாத பெண்ணுக்கென்று இருந்த ‘ஃப்ராய்லைன்’ என்ற சொல்லை மேற்கு ஜெர்மனி 1972-லேயே அரசு அலுவலகப் புழக்கத்திலிருந்து எடுத்துவிட்டது. பிரான்ஸ் 2012-ல் அரசுப் படிவங்களிலிருந்து, அதே பொருள் தரும் ‘மத்மசெல்’ என்பதை நீக்கியது. நம் படிவங்களில் ‘செல்வி’, ‘திருமதி’ என்ற இரண்டு கட்டமும் இன்னும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன.

பழைய உலா நூல்களில் பெண்ணின் பருவம் ஏழு. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். ஐந்து வயதில் தொடங்கி நாற்பதில் முடிந்துவிடும் கணக்கு. இவ்வளவு நுணுக்கமாகப் பெயர் வைத்த மொழியில், நாற்பதுக்குப் பிறகு அந்த வரிசையில் பெயரே இல்லை என்பதைப் பள்ளியில் படித்தபோது நான் கவனிக்கவில்லை. இப்போது நாற்பதை நெருங்கும்போது உறைக்கிறது. அவை ஒரு பெண்ணைப் பார்ப்பவர் வைத்த பெயர்கள். அவள் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்வாள் என்பது அந்தக் கணக்கில் வரவில்லை.

அப்படியானால் ‘பொண்ணு’ என்ற சொல்லே கூடாதா என்றால், நிச்சயம் அப்படிச் சொல்ல மாட்டேன். என் அம்மாவுக்கு 70, பெரியம்மாவுக்கு 74. பெரியம்மா தொலைபேசியில் “என்ன பொண்ணே, சாப்பிட்டியா?” என்றுதான் தொடங்குவார். அந்த ஒரு சொல்லுக்கு அம்மாவின் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும்! அங்கே போய் ‘பெண்மணி’ என்றால் யாரோ எவரோ போல் ஆகிவிடும். தோழிகள் நாங்கள் சேர்ந்தால் எங்களுக்குள் ‘கேர்ள்ஸ், கிளம்பலாமா’ என்பதும் அப்படித்தான். அந்த உரிமை உறவிலிருந்து வருகிறது. முன்பின் தெரியாதவருக்கும் மேலதிகாரிக்கும் அந்த உரிமை தானாக வந்துவிடாது. சங்கடப்பட்டு ஒற்றை ஆளையே ‘ஒரு லேடீஸ் நிக்கிறாங்க’ என்று சொல்பவர்களையும் பார்க்கிறேன். மரியாதையாகச் சொல்ல ஒரு சொல்லைத் தேடுகிறார்கள் என்று புரிகிறது. ‘ஒருத்தங்க நிக்கிறாங்க’ என்றாலே போதுமே. பெண்ணா ஆணா என்று சொல்லவேண்டிய தேவைகூடப் பல இடங்களில் இல்லை. ஆசிரியர், வழக்கறிஞர், ஓட்டுநர் என்று செய்யும் வேலையைச் சொன்னால் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

இதற்கெல்லாம் மேலாக எனக்குக் கவலை தருவது மறுபக்கம்தான். 12 வயதுக் குழந்தையைப் ‘பெரிய மனுஷி ஆயிட்டா’ என்கிறோம். உடம்பில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது, அவ்வளவுதான். அவள் நேற்று விளையாடிய விளையாட்டைத்தான் இன்றும் விளையாடுகிறாள். ‘பெரிய மனுஷி’ என்று வாய் சொன்னதும் பார்ப்பவர் கண்ணும் மாறிவிடுகிறது. 18 வயது நிரம்பாதவரைப் பொதுவாகக் குழந்தை என்றே 1989-ல் வந்த ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கை சொல்கிறது. மார்ச் 8 மகளிர் நாள், அக்டோபர் 11 பெண் குழந்தைகள் நாள் என்று ஐ.நா. இரண்டையும் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறது. செய்தியில் 15 வயதுக் குழந்தை ‘இளம்பெண்’ ஆனால், படிப்பவர் அடுத்து என்ன கேட்பார் தெரியுமா? ‘அந்த நேரத்துல அவ ஏன் அங்க போனா?’ சிறுமி என்று எழுதியிருந்தால் அந்தக் கேள்வி அவ்வளவு சுலபமாக வாயில் வராது. ‘கூட்டிப் போனவன் யார்?’ என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும்.

ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள் இது. 18 நிரம்பாதவர் என்றால் ‘சிறுமி’ என்றோ ‘மாணவி’ என்றோ எழுதுங்கள், 17 வயதானாலும் சரி. அதற்கு மேற்பட்டவர் என்றால் ‘பெண்’ என்று எழுதி, ‘சொன்னார்’, ‘வந்தார்’ என்று முடியுங்கள். செய்தியில் வருபவர் அதிகாரியா, வீட்டு வேலை செய்பவரா, வழக்கில் சிக்கியவரா என்று பார்த்து அந்த ‘ஆர்’ விகுதியைக் கொடுப்பதும் பிடுங்குவதும் வேண்டாம். ‘இளம்பெண்’ என்ற சொல்லைத் தலைப்பில் போடும் முன், அங்கே ஓர் ஆண் இருந்திருந்தால் ‘இளைஞர்’ என்று போட்டிருப்போமா என்று ஆசிரியர் குழுவில் யாராவது ஒருவர் கேட்டுப் பார்க்கட்டும். அந்த 41 வயதுத் தொழிலதிபரைப் பற்றி மறுபடி எழுதும் வாய்ப்பு வந்தால், தலைப்பில் ‘தொழிலதிபர்’ என்றே போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி