சாந்தியாகோவுக்கு வந்த ஏழு அணிகள்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் உன்னையும் ராத்திரி விழிக்கவைத்து ஐரோப்பிய கால்பந்து சாம்பியன்ஸ் லீக் பார்க்கப் பழக்கிவிட்டான் போல. நல்லதுதான், மாத்திரையை மட்டும் நேரத்துக்குப் போடு. ஆனால் "நாட்டுக்கு நாடு சாம்பியன் கிளப்புகளை மோதவிடலாம்னு வெள்ளைக்காரனுக்குத்தான் தோணியிருக்கு பார்" என்று ஒரு வரி எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

ஐரோப்பியக் கோப்பை, அதாவது இன்றைய சாம்பியன்ஸ் லீகின் பழைய பெயர், தொடங்கியது 1955இல். அதற்கு ஏழு வருஷம் முன்பே, 1948 பிப்ரவரி, மார்ச்சில், சிலியின் தலைநகர் சாந்தியாகோவில் இதை நடத்திவிட்டார்கள். சரி, 1930இல் ஜெனீவாவிலும் இப்படி ஒன்று நடந்தது, ஹங்கேரியின் உய்பெஸ்ட் ஜெயித்தது. ஆனால் அது அந்த ஒரு முறையோடு நின்றுபோனது. சாந்தியாகோதான் விதை போட்டது என்பது என் கட்சி.

நடத்தியது கோலோ கோலோ என்ற உள்ளூர் கிளப். தென் அமெரிக்காவின் ஏழு நாடுகளிலிருந்து ஏழு அணிகள், எல்லோரும் எல்லோரோடும் ஒருமுறை மோத வேண்டும். எல்லா ஆட்டமும் ஒரே மைதானத்தில். போட்டி முடிய ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. சாம்பியன் என்பதை ரொம்ப இறுக்கிப் பிடிக்காதே. பிரேசிலிலும் ஈக்வடாரிலும் அப்போது தேசிய லீக்கே கிடையாது. பிரேசிலிலிருந்து வந்த வாஸ்கோ ட காமா, ரியோவின் சாம்பியன், அவ்வளவுதான்.

பெரிய பெயர் அர்ஜென்டினாவின் ரிவர் பிளேட்டுக்குத்தான். லாப்ருனா, மொரேனோ, கூடவே 21 வயது டி ஸ்டெஃபானோ. முந்தைய வருஷம் அர்ஜென்டின லீகில் 27 கோல் அடித்திருந்த பையன். அவர்களையே உருகுவேயின் நாசியோனல் 3-0 என்று சாய்த்தது. அந்த நாசியோனலை வாஸ்கோ 4-1 என்று அடித்தது! மார்ச் 14இல் வாஸ்கோவும் ரிவரும் மோதின. இரண்டு அணிச் சட்டையிலும் தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்கே ஒரு பட்டை உண்டு. ஆட்டம் 0-0. வாஸ்கோவுக்கு டிராவே போதுமாயிருந்தது. ஆறு ஆட்டத்தில் ஒன்றிலும் தோற்கவில்லை, வாங்கிய கோல் மொத்தம் மூன்றுதான்.

வாஸ்கோ ஜெயித்தது எனக்கு ஏன் பிடிக்கும் தெரியுமா? 1923இல் கறுப்பினத்தவரையும் கூலித் தொழிலாளிகளையும் வைத்துக்கொண்டு ரியோ பட்டத்தைப் பிடித்த கிளப் அது. பணக்கார கிளப்புகளுக்குப் பொறுக்கவில்லை. அடுத்த வருஷம் தனி லீக் அமைத்து, பன்னிரண்டு பேரை நீக்கினால்தான் சேர்ப்போம் என்றார்கள். முடியாது என்று வாஸ்கோ தலைவர் எழுதிய கடிதத்தை அந்த ஊரில் இன்றும் கொண்டாடுகிறார்கள். சாந்தியாகோவில் அந்த அணியின் கோல்கீப்பர் பார்போசா, அவரும் கறுப்பர். இரண்டே வருஷத்தில் ரியோவின் மரக்கானா மைதானத்தில் பிரேசில் உலகக்கோப்பையை உருகுவேயிடம் பறிகொடுத்ததும் மொத்தப் பழியும் அவர் தலையில் விழுந்தது. 2000இல் சாகும்வரை அது இறங்கவில்லை. 1948ஐ யாரும் அவருக்காக நினைத்துப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

அப்புறம் உன் வெள்ளைக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். 1954 டிசம்பரில் இங்கிலாந்தின் உல்வர்ஹாம்ப்டன், ஹங்கேரியின் ஹோன்வெட்டை 3-2 என்று ஜெயித்ததும், உலகிலேயே சிறந்த அணி இதுதான் என்று ஆங்கிலப் பத்திரிகை கொட்டமடித்தது. அதற்குப் பதிலாகத்தான் பாரிஸின் லெகிப் பத்திரிகையில் கேப்ரியல் ஆனோ ஐரோப்பியப் போட்டி வேண்டும் என்று எழுதினார். அவரோடு சேர்ந்து இதை முன்னெடுத்த ஜாக் ஃபெரான், சாந்தியாகோ போட்டிதான் தங்களுக்குத் தூண்டுதல் என்று பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார். அவர்கள் முறையை மட்டும் மாற்றிக்கொண்டார்கள்: உன் ஊரில் ஒன்று, என் ஊரில் ஒன்று. யாரும் மாதக்கணக்கில் வீட்டை விட்டு இருக்க வேண்டியதில்லை. தென் அமெரிக்காவில் அடுத்த போட்டி 1960 வரை நடக்காமல் போனதற்கு அந்தச் செலவும் அலைச்சலும்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

1956இல் ஐரோப்பாவின் முதல் இறுதியாட்டம். பிரான்ஸின் ரெய்ம்ஸ் 2-0 என்று முந்தியபோது ஸ்பெயினின் ரியல் மாட்ரிட்டுக்காக முதல் கோலைத் திருப்பியது யார்? நம்ம டி ஸ்டெஃபானோதான். கடைசியில் ரியல் மாட்ரிட் 4-3 என்று ஜெயித்தது.

இங்கே எல்லோரும் சுகம். கமலாவுக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, மற்றது தை மாதம். நீ ஊருக்கு வரும் தேதியை முன்கூட்டியே எழுது, சென்ற முறை மாதிரி வாசலில் வந்து நின்று போன் பண்ணாதே.

அன்புடன்,
ராஜு