ஒரு டோஸ் போதும்னு யார் கண்டுபிடிச்சாங்கன்னு எழுதவே இல்லையே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க,

போன இதழ்ல கர்ப்பப்பை வாய் புற்றுநோய் தடுப்பூசி பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ஒரு வரில தடுக்கி நின்னுட்டேன். "ஒரு டோஸே போதும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லிடுச்சு"ன்னு போட்டுட்டு அடுத்த பாராவுக்கு தாவிட்டீங்க. யாரு பாத்தாங்க, எங்க பாத்தாங்க, எத்தன வருஷம் பாத்தாங்க, ஒரு பேச்சு இல்ல. ஜெனிவால உக்காந்து யாரோ மனசுல பட்டத சொன்ன மாதிரி இருக்கு. அந்த கதையோட ஒரு முனை எங்க ஊருக்கு பக்கத்துல, ஒட்டன்சத்திரத்த ஒட்டின அம்பிளிக்கைல இருக்குங்க. அதனாலதான் இந்த லெட்டர்.

நான் டாக்டரெல்லாம் இல்ல, திருப்பூர்ல பனியன் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்கறேன். எங்க வீட்டுல ஒரு சாவு விழுந்ததால தேடித் தேடி படிச்சது இதெல்லாம்.

2001னு நினைக்கறேன், எங்க ஊருக்கு கேம்ப் வந்துச்சு. 30ல இருந்து 59 வயசு வரைக்கும் இருக்கற பொம்பளைங்கள வீடு வீடா பேரு எழுதிட்டு போனாங்க. எங்கப்பா "நல்லா இருக்கறவளுக்கு எதுக்கு டாக்டரு"ன்னு கத்துனாரு, ஆனா அந்த நர்ஸம்மா மூணு தடவ வந்து கூப்ட்டதுல எங்கம்மா போயிட்டு வந்துடுச்சு. டெஸ்ட்னா பெருசா மிஷின் எதுவும் இல்லீங்க. வினிகர் இருக்குல்ல, அந்த ஆசிட்தான், தண்ணியா கலந்து பஞ்சுல தொட்டு கர்ப்பப்பை வாய்ல தடவி ஒரு நிமிஷம் பொறுத்து லைட் அடிச்சு பாப்பாங்க, கெட்டுப்போற செல்லு இருக்கற எடம் வெள்ளையா மாறும். எங்கம்மாவுக்கு ஒண்ணும் இல்ல. பக்கத்து வீட்டு அக்காவுக்கு வெள்ளையா தெரிஞ்சு அங்கயே உள்ள ஐஸ் வெச்சு அனுப்பிட்டாங்க, கேஸ வெச்சு அந்த எடத்த உறைய வெக்கறதத்தான் எங்க ஊர்ல எல்லாரும் ஐஸ் வெக்கறதுன்னு சொன்னாங்க. அந்த அக்கா இன்னைக்கும் நல்லா இருக்கு, காய் மண்டிக்கு தக்காளி கொண்டு வருது.

எங்க பெரியம்மா போகல. வெக்கம். அவ்வளவுதான் காரணம். அதுக்கப்புறம் ரத்தம் படுதுன்னு சொல்றதுக்கும் வெக்கப்பட்டு மறைச்சு வெச்சு, 2005ல போயிட்டாங்க.

அந்த கேம்ப வடிவமைச்சவங்கள்ல முக்கியமான ஆளு டாக்டர் ரெங்கசாமி சங்கரநாராயணன். உங்க கட்டுரைல இவரு பேரு இல்ல. இவரு திருவனந்தபுரம் ரீஜனல் கேன்சர் சென்டர்ல கேன்சருக்கு வைத்தியம் பாத்துட்டு இருந்தவரு, அப்புறம் பிரான்ஸ்ல லியோன்ல இருக்கற சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி மையத்துக்கு போயி அங்க ஸ்க்ரீனிங் பிரிவுக்கே தலைவரா இருந்தாரு. முத்தி வர்ற நோயாளிய ஒவ்வொருத்தரா பாக்கறத விட, ஊரோட மொத்தமா எண்ணி, நோய் வர்றதுக்கு முன்னாடியே எத செஞ்சா சாவு குறையும்னு பாக்கற வேல. கேக்கறதுக்கு கிளார்க் வேல மாதிரி இருக்கும். எனக்கு அது பிடிச்சதே அதனாலதான், நானும் கணக்குப்புள்ளதானே.

எங்க ஊர் கேம்ப் ஒரு ஆராய்ச்சியோட பாகம்தான், அந்த திண்டுக்கல் கணக்க கொஞ்சம் பாருங்க. மாவட்டத்துல 114 ஊர்த் தொகுப்ப எடுத்து சீட்டு குலுக்கற மாதிரி ரெண்டா பிரிச்சாங்க. ஒரு பக்கம் 49,311 பொம்பளைங்க, இவங்களுக்கு கேம்ப். இன்னொரு பக்கம் 30,958 பேரு, இவங்களுக்கு வழக்கமா கிடைக்கற வைத்தியம் மட்டும். 2000லருந்து 2006 வரைக்கும் எண்ணுனதுல கேம்ப் நடந்த பக்கம் இந்த நோயால 83 சாவு, நடக்காத பக்கம் 92. கூட்டம் அதிகமா இருக்கற பக்கம் சாவு கம்மி, பாத்தீங்களா! எல்லாத்தையும் சரிக்கட்டி போட்டா சாவு 35 சதவீதம் குறைஞ்சிருக்கு, நோயே வர்றது 25 சதவீதம் குறைஞ்சிருக்கு. 2007ல லான்செட்ங்கற மருத்துவ பத்திரிகைல வந்துச்சு. அம்பிளிக்கை ஆஸ்பத்திரி, அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட், லியோன் எல்லாம் சேந்து செஞ்ச வேல.

இதுல எனக்கு புரியறதுக்கு ரொம்ப நாள் ஆன ஒரு விஷயம் இருக்குங்க. கேம்புக்கு வாங்கன்னு கூப்ட்டவங்கள்ல 100க்கு 64 பேருதான் வந்தாங்க. வராதவங்கள கணக்குலருந்து தூக்கிடலாம்ல, தூக்குனா ரிசல்ட் இன்னும் அழகா இருக்கும்ல? தூக்கக்கூடாதாம். கூப்ட்டும் வராதவங்களும் அந்த பக்கத்து ஆளுதான், ஏன்னா நாளைக்கு கவர்மெண்ட் கேம்ப் போட்டாலும் இப்படித்தான் கொஞ்ச பேரு வராம இருப்பாங்க. அப்படின்னா அந்த 83ல எங்க பெரியம்மாவும் ஒண்ணு. பெரியம்மா செத்து கொஞ்ச நாள் கழிச்சு ஒருத்தர் நோட்டு எடுத்துட்டு வீட்டுக்கு வந்து என்ன நோவு, எந்த ஆஸ்பத்திரி, எப்ப இருந்துன்னு கேட்டு எழுதிட்டு போனாரு, எங்க பெரியப்பா எரிச்சலாகி பாதில எந்திரிச்சு போயிட்டாரு. அந்த ஆளுதான் கேன்சர் ரெஜிஸ்ட்ரிக்கு வேல பாக்கறவருன்னு எனக்கு பத்து வருஷம் கழிச்சுத்தான் உறைச்சுது. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா போயி, இறப்பு பதிவ புரட்டி, விட்டுப்போனத வீட்டுக்கே போயி கேட்டு எழுதறது. இது இல்லாம 83ம் கிடையாது 92ம் கிடையாது.

இதே ஆளு கேரளாவுல வாய் புற்றுநோய்க்கும் இதே மாதிரி செஞ்சிருக்காரு. 1996ல ஆரம்பிச்சு 13 பஞ்சாயத்து, டாக்டரா இல்லாத சாதாரண படிச்ச ஆளுங்களுக்கு ட்ரெய்னிங் குடுத்து வீட்டுக்கு அனுப்பி, வாய திறக்க சொல்லி டார்ச் அடிச்சு பாக்கறது. புகையிலை, குடி பழக்கம் இருக்கறவங்ககிட்ட சாவு 34 சதவீதம் குறைஞ்சுது. பழக்கம் இல்லாதவங்கள சேத்து பாத்தா அந்த அளவு தெளிவா இல்லன்னும் அவங்களே எழுதிட்டாங்க. அதே மாதிரி மகாராஷ்டிரால உஸ்மானாபாத்ல 1,31,746 பேர வெச்சு செஞ்சதுல ஒரே ஒரு தடவ ஹெச்பிவி டெஸ்ட் (கர்ப்பப்பை வாய் புற்றுநோய உண்டாக்கற வைரஸ் இருக்கான்னு பாக்கறது) எடுத்ததுக்கு சாவு கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சுது, ஆனா எங்க ஊர்ல வேல செஞ்ச வினிகர் டெஸ்ட் அங்க சொல்லிக்கற மாதிரி வேல செய்யல. தனக்கு பிடிச்ச முறை தோத்தத தானே பேப்பர்ல போடறதுக்கு ஒரு மனசு வேணும்ங்க.

இப்ப ஊசிக்கு வர்றேன். 2009ல இந்தியால 9 எடத்துல (அம்பிளிக்கையும் ஒண்ணு) 10லருந்து 18 வயசு வரைக்கும் இருக்கற கல்யாணம் ஆகாத பொண்ணுங்களுக்கு மூணு டோஸ் வேணுமா ரெண்டு போதுமான்னு பாக்க இவரு தலைமைல ட்ரையல் ஆரம்பிச்சாங்க. 20,000 பேருன்னு ப்ளான். 2010 ஏப்ரல்ல ஸ்டாப்! ஆந்திராலயும் குஜராத்லயும் வேற ஒரு திட்டத்துல ஊசி போட்ட சில பொண்ணுங்க இறந்து போனாங்க, அந்த சாவுக்கு ஊசி காரணம் இல்லன்னு விசாரணைல வந்துச்சு, ஆனா அங்க அப்பா அம்மாகிட்ட கேக்காம ஹாஸ்டல் வார்டன் கையெழுத்து போட்டதெல்லாம் வெளிய வந்து நாறிடுச்சு. அதுக்கும் இந்த ட்ரையலுக்கும் சம்பந்தம் இல்லன்னாலும் நாடு முழுக்க எல்லா ட்ரையல்லயும் ஊசிய நிறுத்த சொல்லிட்டாங்க. அதுக்குள்ள 17,729 பேருக்கு போட்டாச்சு, அதுல 4,950 பேரு முதல் டோஸோட நின்னுட்டாங்க.

வேற யாராச்சும்னா ஃபைல மூடிட்டு அடுத்த வேலைய பாக்க போயிருப்பாங்க. இவங்க அந்த ஒரு டோஸ் பொண்ணுங்களையும் விடாம பின்னாடியே போனாங்க. கல்யாணம் ஆகி வேற ஊருக்கு போன பொண்ண தேடி, மாமியார் வீட்டுல பேசி சாம்பிள் வாங்கறதுன்னா என்ன பாடுன்னு ஊர்ல பொறந்தவங்களுக்கு தெரியும். 2021ல டாக்டர் பார்த்தா பாசுங்கறவரு முதல் ஆசிரியரா வந்த பேப்பர்ல ரிசல்ட்: கேன்சர் உண்டாக்கற 16, 18 வகை ஹெச்பிவி வைரஸ் நிலைச்சு தங்கறத ஒரு டோஸ் 95.4 சதவீதம் தடுத்திருக்கு, ரெண்டு டோஸ் 93.1, மூணு டோஸ் 91.2. வித்தியாசமே இல்லன்னு சொல்லலாம். கோஸ்டாரிகா, கென்யால வந்த ரிசல்ட்டும் சேந்துதான் 2022ல உலக சுகாதார நிறுவனம் அப்படி சொல்லுச்சு. உங்க ஒத்த வரிக்கு பின்னாடி இவ்வளவு இருக்குங்க.

திண்டுக்கல்ல கேம்ப் இல்லாத பக்கத்து பொம்பளைங்கள ஏன் டெஸ்ட் பண்ணாம விட்டாங்க, இது சரியான்னு வெளிநாட்டுலயும் இங்கயும் கேட்டாங்க. நியாயமான கேள்விதான், கேக்கணும், அந்த 92 பேரு வீட்டுல ஒருத்தரா நான் இருந்திருந்தா இந்த லெட்டர் வேற மாதிரி இருந்திருக்கும். ஆனா எனக்கு அத விட கோவம் எங்க வருதுன்னா, 2007ல ரிசல்ட் வந்தாச்சு, 2019-21 தேசிய குடும்ப நல சர்வேல பாத்தா 30லருந்து 49 வயசு பொம்பளைங்கள்ல கர்ப்பப்பை வாய் புற்றுநோய் டெஸ்ட் ஒரு தடவயாவது எடுத்தவங்க இந்தியாவுல 100க்கு ரெண்டு பேரு கூட இல்ல, தமிழ்நாட்டுலயே பத்து பேருதான். இத பத்தி ஒரு அட்டைப்படக் கட்டுரை போடுங்களேன். இருதய ஆபரேஷன் பண்ண டாக்டருக்கு முழு பக்கம் போட்டோ போடறீங்க, தப்பில்ல, பொழைச்சவங்க பக்கத்துல நின்னு சிரிப்பாங்க. சங்கரநாராயணனால பொழைச்சவங்கள எப்படி போட்டோ எடுப்பீங்க, அவங்களுக்கே தெரியாதே.

கடைசியா ஒரு திருத்தம். கட்டுரைல ஒரு டோஸ்னு எழுதிட்டு ஓரத்துல பெட்டிச் செய்தில "மூன்று டோஸ் கட்டாயம்"னு இருக்கு. எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்களுக்குத்தான் குறைஞ்சது ரெண்டு, முடிஞ்சா மூணுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஊசி போட்டாலும் 30 வயசுக்கு மேல டெஸ்ட் எடுக்கணும்ங்கறதையும் விட்டுட்டீங்க. எங்க தெருவுல உங்க பெட்டிய மட்டும் போட்டோ எடுத்து வாட்ஸப்ல சுத்த விட்டுட்டு இருக்காங்க, ரெண்டு பேரு என்கிட்டயே கேட்டாங்க மூணு தடவ லீவு போடணுமான்னு. அடுத்த இதழ்ல அத மட்டுமாவது திருத்தி போடுங்க.

இப்படிக்கு,
ஒட்டன்சத்திரத்துக்காரி ஒருத்தி, இப்ப திருப்பூர்