தண்ணீர் மிச்சமாகும் என்று நீங்கள் விற்ற வெஸ்டர்ன் கிளாசெட்

அனுப்புநர்: பல்லடம் வட்டத்து வாடிக்கையாளர் (முகவரி ரசீது நகலில் உள்ளது)
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப் பிரிவு
பொருள்: இரட்டைப் பொத்தான் கிளாசெட் ஒரே தடவையில் கழுவாதது, தொட்டி ஒழுகுவது, உதிரி பாகம் கிடைக்காதது

ஐயா, வணக்கம்.

போன ஆனி மாதம் கோவையில் உங்கள் முகவர் கடையில் ரூ.14,800 கொடுத்து ஒரு வெஸ்டர்ன் கிளாசெட் வாங்கினேன். விற்ற பையன் முதலில் காட்டியது தொட்டி மூடிமேல் இருந்த இரண்டு பொத்தான்களைத்தான். சின்னதை அமுக்கினால் 3 லிட்டர், பெரியதை அமுக்கினால் 6 லிட்டர். “பழைய தொட்டியில பத்து லிட்டர் போகுமுங்க, இதுல பாதிதானுங்க” என்றார். தண்ணீர் மிச்சம் என்றால் எங்கள் பக்கத்தில் யாரும் தலையாட்டிவிடுவார்கள். ஆயிரம் அடி போர் போட்டும் வெறும் புழுதியைப் பார்த்துவிட்டு வந்த தோட்டக்காரர்கள் எங்கள் ஊரில் நிறைய உண்டு. போன மே மாதம் மட்டும் எங்கள் வீட்டுக்கு நான்கு லோடு லாரித் தண்ணீர் வாங்கினோம்.

எட்டு மாதமாகிவிட்டது. இப்போது உங்கள் கிளாசெட்டுக்குப் பக்கத்தில் நிரந்தரமாக ஒரு வாளி நிற்கிறது.

நான் விசைத்தறி ஓட்டுகிறவன். ஒரு மெசின் சொன்னபடி ஓடவில்லை என்றால் அளந்து பார்க்காமல் தூங்க மாட்டேன். வால்வை மூடி, தொட்டியைக் காலி செய்து, லிட்டர் ஜக்கால் ஊற்றி அளந்தேன். பெரிய பொத்தானுக்கு ஆறேகால் லிட்டர். ஆக, அளவில் நீங்கள் பொய் சொல்லவில்லை. கோளாறு கிண்ணத்தில் இருக்கிறது. உள்ளே தண்ணீர் நிற்கும் இடம் உள்ளங்கை அகலம்தான். மலம் அதில் விழாமல் பின்பக்கத்துக் காய்ந்த சரிவில் விழுந்து ஒட்டிக்கொள்கிறது. முதல் தடவை அமுக்கினால் பாதிதான் போகும். மறுபடி அமுக்கத் தொட்டி நிரம்ப வேண்டும், அதற்கு நான்கு நிமிடம். காலையில் ஐந்து பேர் வரிசையில் நிற்கும் வீட்டில் யார் காத்திருப்பார்கள்? அரை வாளி தண்ணீரை எடுத்து ஊற்றிவிட்டு வருகிறோம். 6 லிட்டரோடு அந்த 8 லிட்டரையும் சேர்த்தால் 14. பழைய பத்து லிட்டர் தொட்டியே தேவலை.

ஊற்றினால் போகிறது, அமுக்கினால் ஏன் போவதில்லை என்று யோசித்தேன். வேகம்தான். அந்தக் காலத்துச் சங்கிலித் தொட்டி சுவரில் தலைக்கு மேலே இருக்கும். விழுகிற உயரமே தண்ணீருக்கு வேகம் கொடுக்கும். உங்கள் தொட்டி முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. உயரத்தைக் குறைத்தீர்கள், தண்ணீரையும் குறைத்தீர்கள், சரிவை மட்டும் அப்படியே விட்டுவிட்டீர்கள். சுலப் அமைப்பைத் தொடங்கிய பிந்தேஷ்வர் பாதக்கின் கையால் ஊற்றும் கழிப்பறையைப் பாருங்கள். செங்குத்தான பேசின், கீழே 20 மில்லிமீட்டர் மட்டுமே தண்ணீர் நிற்கும் வளைவு. ஒன்றரை, இரண்டு லிட்டரில் சுத்தமாகிவிடும். உங்களுடையதில் நாற்றம் வராமலிருக்க 50 மில்லிமீட்டர் நிற்க வேண்டும், அது எனக்கும் தெரியும். ஆனால் அந்தச் சரிவையாவது பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கலாம்.

அடுத்தது ஒழுகல். எங்கள் போர் தண்ணீர் சப்பைத் தண்ணீர், அதாவது உப்புத் தண்ணீர். ஆர்.ஓ. கடைக்காரர் அளந்து, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவான டி.டி.எஸ். 1900 என்றார். ஆறே மாதத்தில் விளிம்புக்கு அடியிலுள்ள ஓட்டைகளில் பாதி சுண்ணாம்பு படிந்து அடைத்துக்கொண்டன. வரும் கொஞ்ச நஞ்சத் தண்ணீரும் ஒரு பக்கமாகத்தான் இறங்குகிறது. தொட்டிக்குள் இருக்கும் ரப்பர் வாசரிலும் அதே படிவு. அது சரியாக உட்காராததால் தண்ணீர் சத்தமில்லாமல் கிண்ணத்துக்குள் இறங்கிக்கொண்டே இருக்கிறது. ராத்திரி நிரப்பிய மேல்தொட்டி விடிகாலையில் அடி தட்டியபோது, முதலில் குழாயில்தான் சந்தேகப்பட்டேன். என் சம்சாரம்தான் வெள்ளை வேட்டிக்குப் போடும் சொட்டு நீலத்தை ஃப்ளஷ் தொட்டியில் விட்டுப் பார்க்கச் சொன்னாள். பத்து நிமிடத்தில், யாரும் பொத்தானைத் தொடாமலே, கிண்ணத்தில் நீலம் தெரிந்தது. உங்கள் சர்வீஸ் ஆட்களுக்கும் இந்த வழியைச் சொல்லிக்கொடுக்கலாம், செலவே இல்லை.

இலவச எண்ணில் புகார் சொல்லி பதினோராவது நாள்தான் ஆள் வந்தார். பார்த்துவிட்டு, “தண்ணி சரியில்லைங்கண்ணா” என்றார், 450 ரூபாய் வாங்கினார். ஆசிட் ஊற்றிக் கழுவினால் ஓட்டை திறக்கும் என்றார். உங்கள் உத்தரவாத அட்டையோ ஆசிட் ஊற்றினால் உத்தரவாதம் கிடையாது என்கிறது. யார் சொல்வதைக் கேட்பது? அப்புறம் ஆசிட் போய்ச் சேருவது எங்கள் செப்டிக் டேங்கில். அங்கே மலத்தை மக்க வைக்கும் கிருமி செத்தால், அந்தச் செலவும் என் தலையில்தான். வாசர் கேட்டேன், கோவையில் இல்லை, சென்னையிலிருந்து வர வேண்டும் என்றார்கள். இருபத்திரண்டு நாளாகியும் வரவில்லை. என் தறியில் நாடாவை (ஊடை நூலைக் கொண்டு ஓடும் கட்டை) அடித்துத் தள்ளும் பிக்கர் ஒன்று தேய்ந்தால் சோமனூர் போய் அரை நாளில் மாற்றிவிட்டுத் தறியை ஓடவிடுவேன். அந்தத் தறிக்கு வயது முப்பது.

என் பையன் திருப்பூரில் சாயப்பட்டறையில் வேலை செய்கிறான். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, சாயத்தண்ணீரைச் சுத்திகரித்துத் திரும்ப எடுத்தால்தான் தொழில் என்றாகிவிட்டது. அவன் வீட்டுக்கு வந்து இந்தத் தொட்டி ஒழுகுவதைப் பார்த்து, “நாங்க அங்க கழிவுத் தண்ணியவே மறுபடி எடுக்கறோம், இங்க நல்ல தண்ணி கக்கூஸ்ல போகுதுங்கப்பா” என்றான். ஜப்பானில் தொட்டி மூடியிலேயே ஒரு குழாய் வைத்து, கை கழுவும் தண்ணீரே தொட்டிக்குள் போகும்படி செய்து விற்கிறார்கள். இங்கே நீங்கள் புதிதாகக் கொடுத்திருப்பது மெதுவாக மூடும் மூடி.

கடைசியாக என் அம்மாவைப் பற்றி. இந்தக் கிளாசெட்டை வாங்கியதே அவருக்காகத்தான். வயது 76, முழங்கால் தேய்ந்துவிட்டது, குத்தவைத்து உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உங்கள் இருக்கை 16 அங்குல உயரம். அம்மா உட்கார்ந்தால் கால் தரையில் படாமல் தொங்குகிறது. பிடிமானம் இல்லாமல் பயந்து உட்காருகிறார், முக்க முடிவதில்லை. குத்தவைக்கும்போது குடலின் கடைசிப் பகுதியைச் சுற்றிப் பிடித்திருக்கும் தசை நன்றாகத் தளரும். நாற்காலி மாதிரி உட்கார்ந்தால் அவ்வளவு தளராது. முழங்காலை மடக்க முடியாதவருக்குக் காலையாவது கொஞ்சம் உயர்த்திக் கொடுக்கலாம் என்று ஒரு பலகை செய்து வைத்தேன். இப்போது பரவாயில்லை என்கிறார். அந்தப் பலகையை ஒரு தச்சர் இருநூறு ரூபாய்க்குச் செய்து கொடுத்தார். ஆனால் நாங்கள் தரையில் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவர்கள். மரம் ஊறிப் பாசி பிடிக்கிறது. ஈரத்துக்குத் தாங்குகிற, வழுக்காத கால்மேடையை நீங்களே செய்து கொடுத்திருக்கலாம். தண்ணீர் பீய்ச்சும் குழாயையும் முதுகுக்குப் பின்னால் மாட்டச் சொல்கிறது உங்கள் படம். தோள் வலிக்காரர் அவ்வளவு தூரம் கையைத் திருப்ப முடியுமா என்று வரைந்தவர் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

நான் கேட்பது இதுதான். கிண்ணத்தை மாற்றித் தாருங்கள், அல்லது பணத்தைத் திருப்பித் தாருங்கள். தொட்டிக்குள் இருக்கும் பாகங்களைக் கோவையிலோ திருப்பூரிலோ கடையில் கிடைக்கச் செய்யுங்கள். எவ்வளவு உப்புத் தண்ணீர் வரை தாங்கும் என்பதை அட்டைப்பெட்டியிலேயே அச்சிடுங்கள். அது தெரிந்திருந்தால் விளிம்பே இல்லாத மாடலைப் பற்றியாவது கடையில் கேட்டிருப்பேன். வாங்கிய 450 ரூபாயையும் திருப்ப வேண்டும், எட்டே மாதமான பொருளுக்குச் சர்வீஸ் கட்டணம் என்ன கணக்கு?

இந்தக் கடிதம் கிடைத்த பதினைந்து நாளுக்குள் பதில் வராவிட்டால் திருப்பூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி வாங்கிய ஊரில் இல்லாமல், குடியிருக்கும் இடத்திலேயே மனு போடலாம் என்று தெரிந்துகொண்டேன். ரசீது, உத்தரவாத அட்டை, 450 ரூபாய்ச் சீட்டு ஆகியவற்றின் நகலும், கிண்ணத்தில் நீலம் தெரியும் படமும் இணைத்திருக்கிறேன்.

ஆள் அனுப்புவதாக இருந்தால் காலை ஏழு மணிக்கு முன் அனுப்ப வேண்டாம். அந்த நேரத்தில் பொடக்காலி (கொல்லைப்புறம்) ஓரத்துப் பழைய கக்கூசுக்கு நாங்கள் நான்கு பேரும் வரிசையில் நிற்போம். அம்மா மட்டும்தான் உங்களுடையதில் இருப்பார்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்