ஒன்றாம் வகுப்பிலேயே பிள்ளைகளைப் பிரிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒன்றாம் வகுப்பில் சேரும் எல்லாக் குழந்தைகளுக்கும் நுண்ணறிவுச் சோதனை நடத்தி, வரும் எண்ணைக் கொண்டு வகுப்புகளைப் பிரித்தால் ஆசிரியரின் சுமை குறையும் என்று சென்ற ஞாயிறு இணைப்பில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார். ஆனால் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியராக இருந்து, அந்தச் சோதனைகள் நடக்கும் இடத்திலேயே பணிக்காலத்தைக் கழித்தவன் நான். அந்த யோசனையை ஒருபோதும் ஏற்க முடியாது.

இந்தச் சோதனை எதற்காகப் பிறந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1904-இல் பிரெஞ்சுக் கல்வி அமைச்சகம் ஒரு குழு அமைத்தது. சாதாரண வகுப்பில் தடுமாறும் பிள்ளைகளை அடையாளம் கண்டு அவர்களுக்குத் தனிக் கவனம் தருவது அதன் நோக்கம். அந்த வேலைக்காகத்தான் பிரெஞ்சு உளவியலாளர் ஆல்பிரட் பினே, தம்முடன் பணியாற்றிய மருத்துவர் சைமனுடன் சேர்ந்து 1905-இல் தமது அளவுகோலை வெளியிட்டார். அறிவு என்பது பிறவியிலேயே அளந்து வைத்த, கூடவோ குறையவோ செய்யாத சரக்கு என்று பேசியவர்களை 1909-இல் எழுதிய நூலில் அவரே கடுமையாகக் கண்டித்தார். பயிற்சி தந்தால் பிள்ளைகள் முன்னேறுவார்கள் என்பதுதான் அவருடைய கட்சி. 1911-இல் அவர் இறந்த பிறகுதான் ஜெர்மனியின் உளவியலாளர் ஸ்டெர்ன், மனவயதை, அதாவது பிள்ளை எந்த வயதுப் பிள்ளையின் அளவுக்குச் செய்கிறது என்பதை, உண்மை வயதால் வகுத்து 'நுண்ணறிவு ஈவு' ஆக்கினார். அமெரிக்க உளவியலாளர் டெர்மன் அதை 1916-இல் ஊரெங்கும் பரப்பினார். கைகொடுக்க வந்த கருவி தரம் பிரிக்கும் கருவியாக மாறியது அங்கேதான். நமது வாசகர் கேட்பது பினேயின் சோதனையை அல்ல, அவருக்குப் பின்னால் வந்தவர்கள் செய்ததைத்தான்.

சோதனை நடக்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் ஒன்றியத்தில் மருத்துவ மதிப்பீட்டு முகாம் பெரும்பாலும் ஏதாவது ஒரு மேல்நிலைப் பள்ளி வளாகத்தில்தான் நடக்கும். பிள்ளைகள் விடியற்காலையில் புறப்பட்டு, இரண்டு பஸ் மாறி, பாதிப் பேர் சாப்பிடாமல் வந்து சேருவார்கள். முற்றத்தில் ஒலிபெருக்கி பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சில் உளவியலாளர் இருப்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு பிள்ளைக்கு ஒன்றரை மணி நேரம் தேவைப்படும் வேலைக்கு அவருக்குக் கிடைப்பது இருபது நிமிடம்.

அப்படி ஒரு முகாமில் பார்த்த பையன் ஒருவன். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஆட்டுக்கிடை போட வந்த கீதாரி வீட்டுப் பிள்ளை, மூன்றாம் வகுப்பு. அவன் முன்னால் செகுவின் பலகையை வைத்தார்கள். வட்டம், சதுரம், நட்சத்திரம் என்று பத்து வடிவங்களில் பள்ளம் வெட்டிய மரப்பலகை அது. கட்டைகளை உரிய பள்ளத்தில் விரைவாகப் பொருத்த வேண்டும். அவன் நட்சத்திரக் கட்டையை எடுத்தான். அதன் முனைகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினான். பள்ளத்தைப் பார்த்தான், கட்டையைப் பார்த்தான், சிரித்துவிட்டு வைத்தான். அடுத்த கட்டையையும் அப்படியேதான் தடவிப் பார்த்து வைத்தான். பத்தும் சரி. ஆனால் கணக்கில் சேருவது நேரம். பிறகு எண்களைத் திருப்பிச் சொல்லும் பகுதி. உளவியலாளர் "4, 7, 2" என்றார். பையன் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பதில் இல்லை. எண் விழுந்தது, 'லேசான அறிவுசார் குறைபாடு' என்று சீட்டில் ஏறிற்று.

இரண்டு மேசை தள்ளி இருந்த காது மூக்கு தொண்டை மருத்துவர் அதே பையனுக்கு இரண்டு காதிலும் சீழ் வடிகிறது என்று எழுதிக் கொடுத்திருந்தார். இரண்டு சீட்டும் ஒரே கோப்பில் இருந்தன. ஒன்று மற்றொன்றைப் பற்றி எதுவும் பேசவில்லை. காதுக்கு மருத்துவம் பார்த்த பின், அமைதியான அறையில் மறுபடி சோதிக்க வேண்டும் என்று விடாமல் கேட்டோம். சோதித்தார்கள். அந்தச் சொல் அவன் கோப்பிலிருந்து நீங்கியது. முகாமுக்கு வருவதற்கே ஒரு சந்தேகம் எழுந்து, ஆசிரியர் பரிந்துரைத்து, அதன் பிறகு பார்க்கப்பட்ட பிள்ளையின் கதை இது. மாநிலம் முழுக்க ஒன்றாம் வகுப்பில் எல்லோரையும் வரிசையில் நிறுத்திச் சோதித்தால், விடாமல் கேட்க ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆள் எங்கே?

எண்ணின் துல்லியத்தைப் பற்றியும் பொதுமக்களிடையே மிகையான நம்பிக்கை இருக்கிறது. நன்றாக நடத்தப்பட்ட சோதனையிலேயே ஐந்து புள்ளி முன்பின்னாக இருப்பது இயல்பு. எல்லா உளவியலாளர்களும் இதை அறிவார்கள். மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட ஊனமதிப்பீட்டு வழிகாட்டுதலில், சமூக முதிர்ச்சி அளவுகோலில், அதாவது அன்றாட வேலைகளைப் பிள்ளை தானாகச் செய்வதை அளக்கும் அளவுகோலில், 55 முதல் 69 வரை பெற்றால் 50 விழுக்காடு குறைபாடு என்று இருந்தது. 70 முதல் 84 வரை பெற்றால் 25 விழுக்காடு. சட்டப்படியான பல உதவிகளுக்கு 40 விழுக்காடு வேண்டும். ஆக, 69-க்கும் 70-க்கும் இடையில் ஒரு குடும்பத்தின் பிழைப்பு நின்றது. அந்த அளவுகோலோ தாயைக் கேட்டு நிரப்புவது. தானாகச் சட்டை போடுவானா, தானாகச் சாப்பிடுவானா என்று கேட்பார்கள். பாட்டி ஊட்டி வளர்க்கும் பிள்ளைக்கு அங்கேயே புள்ளி போய்விடும். "என் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை" என்று நிமிர்ந்து சொல்லும் தாயின் பிள்ளைக்குப் புள்ளி கூடிவிடும், உதவியும் போய்விடும்.

இன்னொரு சிக்கல் பழைய அளவுகோல்கள். பினே சோதனையை வி.வி. காமத் தார்வாரில் 1930-களில் மராத்தி, கன்னடப் பிள்ளைகளுக்காகத் திருத்தி அமைத்தார். அந்தக் காலத்துக்கு அது பெரிய உழைப்பு, அதை மதிக்கிறேன். ஆனால் பினே-காமத் சோதனையை இன்றும் நம் மருத்துவமனைகளில் பயன்படுத்துகிறார்கள். நியூசிலாந்தில் வாழ்ந்த ஆய்வாளர் ஜேம்ஸ் ஃப்ளின், அமெரிக்கத் தரவுகளைக் கொண்டு, பத்தாண்டுக்கு ஏறக்குறைய மூன்று புள்ளி வீதம் மக்களின் சராசரி ஏறிக்கொண்டே போனதை 1984-இல் காட்டினார். பள்ளிப்படிப்பும் ஊட்டமும் கூடினால் எண்ணும் கூடுகிறது. பழைய சராசரியோடு இன்றைய பிள்ளையை ஒப்பிட்டால் அவன் இருப்பதைவிட மேலாகத் தெரிவான்; உதவி தேவைப்படும் பிள்ளை தப்பிவிடும்.

இதையெல்லாம் படித்துவிட்டுச் சோதனையே வேண்டாம் என்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஐந்தாம் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். எழுத்துக் கூட்டத் தெரியாது, கழித்தல் வராது. வீட்டில் அடி, வகுப்பில் கொட்டு. 'சோம்பேறி', 'திமிர்' என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் முறையாக, இரண்டு அமர்வுகளில் சோதித்தபோது எண் ஐம்பதுகளில் வந்தது. அவளுடைய அப்பா அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவமனைப் படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு அவர் அவளை அடிக்கவில்லை. சான்றிதழ் கிடைத்தது, அவளுடைய வேகத்துக்கு ஏற்ற பாடம் கிடைத்தது. கடையில் சில்லறை எண்ணி வாங்கிவரக் கற்றுக்கொண்டாள். பினே கேட்டது இதைத்தான் என்று நான் நம்புகிறேன். காரணம் இருந்து, ஒரு பிள்ளைக்காக, பொறுமையாக நடத்தும்போது இந்தச் சோதனை அருமையான கருவி. வகுப்புப் பிரிக்கும் சல்லடையாக அதைப் பயன்படுத்துவதைத்தான் எதிர்க்கிறேன்.

வாசகர் கேட்டதைச் சில தனியார் பள்ளிகள் ஏற்கெனவே மறைமுகமாகச் செய்துவருகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். மழலையர் வகுப்பில் சேர வரும் பிள்ளையின் பத்து விரல் ரேகைகளையும் ஸ்கேன் செய்து, அது கணக்கில் கெட்டியா, இசையில் கெட்டியா என்று வண்ணத்தாளில் அறிக்கை கொடுக்கிறார்கள். கட்டணம் ஆயிரக்கணக்கில். விரல் ரேகைகள் கருவிலேயே அமைந்துவிடுபவை. பிறந்த பின் அந்தப் பிள்ளை கேட்கப்போகும் பேச்சு, சாப்பிடப்போகும் சோறு, பெறப்போகும் ஆசிரியர் எதுவும் அந்த ரேகையில் இல்லை. இதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மனநல மருத்துவர் சங்கமே அறிவித்துவிட்டது. கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 13-ஆம் பிரிவு, சேர்க்கைக்காகப் பிள்ளையையோ பெற்றோரையோ எந்தச் சோதனைக்கும் உட்படுத்தக் கூடாது என்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்த ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரையும் அபராதம். பெற்றோர்கள் தயங்காமல் மாவட்டக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும்.

ஒன்றாம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால் காதையும் கண்ணையும் பாருங்கள். இரும்புச் சத்துக் குறைவைப் பாருங்கள். வீட்டில் அயோடின் உப்புப் புழங்குகிறதா என்று கேளுங்கள். கர்ப்பத்திலும் சிறுவயதிலும் அயோடின் கடுமையாகக் குறைந்தால் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும் என்பது உறுதியான செய்தி, அதைத் தடுக்க ஆகும் செலவோ அற்பம். 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வர வேண்டும். எந்தத் தேதியில் வருகிறது என்று பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் கேட்கலாம். வளர்ச்சியில் சந்தேகம் இருக்கும் பிள்ளைக்கு மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்தில் செவி, பார்வை, பேச்சு, அறிவு வளர்ச்சி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் இலவசமாகப் பார்க்கிறார்கள். அப்படி ஒரு மையம் இருப்பதே பலருக்குத் தெரியாது. எந்தெந்த மாவட்டத்தில் எந்த மருத்துவமனையில் அது இயங்குகிறது என்ற பட்டியலைத் தங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு முறை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சிறப்பாசிரியர்,
தஞ்சாவூர் மாவட்டம்.