இரண்டாம் தவணை முடிகிறது: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான தவணைக் கடிதம், சிங்கப்பூர்ப் பள்ளிகள் பெற்றோருக்குச் செய்தி அனுப்பும் பேரன்ட்ஸ் கேட்வே செயலியில் ஆங்கிலத்தில் வந்திருக்கும். இதைத் தனியாகத் தமிழில் எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. போன பெற்றோர் சந்திப்பில் ஒரு தாயார், "பள்ளிக்கூடத்துக் கடிதத்தையெல்லாம் பையன்தான் சார் வாசித்துச் சொல்வான். எல்லாம் நல்ல செய்தியாகத்தான் வருது" என்றார். அதற்குள் அந்தப் பையனின் வருகையைப் பற்றி மூன்று கடிதங்கள் அனுப்பியிருந்தோம். மொழிபெயர்ப்பில் அவனுக்கு நல்ல எதிர்காலம் உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் இந்த முறை நடுவில் ஆள் வேண்டாம் என்று நானே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் தவணைச் செய்திகள். ஏப்ரலில் தமிழ்மொழி விழாவையொட்டி நம் மாணவர்கள் பேச்சிலும் நாடகத்திலும் கலந்துகொண்டு பள்ளிக்குப் பெருமை சேர்த்தார்கள். இணைப்பாட நடவடிக்கைகள் எல்லாவற்றிலும் பிள்ளைகள் நன்றாகச் செய்தார்கள். உயர்நிலை 1 மாணவர்கள் புதிய பள்ளிக்குப் பழகிவிட்டார்கள். உழைத்த ஆசிரியர்களுக்கும் பெற்றோர் ஆதரவுக் குழுவினருக்கும் நன்றி.

சரி, இப்போது சொல்லவேண்டியதைச் சொல்கிறேன்.

ஜூன் விடுமுறை நான்கு வாரம். பல ஆண்டுகளாக நான் பார்க்கும் ஒன்று: பள்ளியின் கடைசி ஆண்டுகளான உயர்நிலை 4, 5 மாணவர்களில் சிலர் மே கடைசியில் கையசைத்துவிட்டுப் போவார்கள், ஜூன் கடைசியில் திரும்பி வரமாட்டார்கள். சண்டை கிடையாது, "படிப்பு வேண்டாம்" என்ற அறிவிப்பும் கிடையாது. விடுமுறையில் காப்பிக் கடையிலோ கிடங்கிலோ பகுதிநேர வேலைக்குப் போயிருப்பார்கள். கையில் முதல் சம்பளம் வந்திருக்கும். முதலாளி "இன்னும் ஒரு வாரம் இரு தம்பி" என்பார். முதலில் திங்கட்கிழமை மட்டும் காணோம். அப்புறம் திங்களும் செவ்வாயும். ஆகஸ்டில் தேசிய நாள் வருவதற்குள் அந்த இருக்கை காலியாகிவிடும்.

நாடு முழுவதும் கணக்கெடுத்தால், உயர்நிலைப் படிப்பை முடிக்காமல் நிற்கும் பிள்ளைகள் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. கேட்க ஆறுதலாக இருக்கிறது. அந்த ஒரு விழுக்காட்டுக்குள் இருக்கும் பிள்ளையின் பெயரும் முகமும் எங்களுக்குத் தெரியும் என்பதுதான் கஷ்டம்.

வேலைக்குப் போவதையே தவறென்று சொல்ல நான் வரவில்லை. அப்பாவுக்கு வேலை போன வீட்டில் பதினாறு வயதுப் பிள்ளை தானாகவே ஏதாவது செய்யத்தான் பார்க்கும். அது அந்தப் பிள்ளையின் நல்ல குணம். போன ஆண்டு ஒரு மாணவி வாரத்தில் இரண்டு நாள் வராமல் இருந்தாள். சோம்பல் என்றுதான் நாங்களும் முதலில் நினைத்தோம். வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அம்மாவுக்கு விடியற்காலைத் துப்புரவு வேலை, பாட்டிக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை, தம்பியைப் பாலர் பள்ளிக்குக் கொண்டுபோய் விட இவளைத் தவிர ஆளில்லை. குடும்பச் சேவை நிலையத்தின் உதவியோடு பாட்டிக்குப் பகலில் துணை ஏற்பாடானது. தம்பியை விட்டுவிட்டு வரும் நாள்களில் அரை மணி நேரம் தாமதமாக வரலாம் என்று நான் சொன்னேன். அவள் தேர்வு எழுதினாள். இப்போது தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படிக்கிறாள். இதற்கெல்லாம் தேவைப்பட்டது ஒரே ஒரு உரையாடல்தான். அது நான்கு மாதம் முன்னாலேயே நடந்திருக்கலாம்.

அந்த நான்கு மாதமும் எங்களுக்கு வந்துகொண்டிருந்தது "வயிற்று வலி" என்ற கடிதம்.

இங்கே கொஞ்சம் கண்டிப்பாகப் பேசவேண்டியிருக்கிறது. பிள்ளை வேலைக்குப் போன நாளுக்கும், இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்கிய நாளுக்கும் வயிற்று வலி என்று எழுதித் தரும் பெற்றோர் நம்மிடையே இருக்கிறார்கள். ஒரே கையெழுத்தில், ஒரே வலி, எப்போதும் திங்கட்கிழமை. நாங்கள் கணக்கு வைத்திருக்கிறோம். பிள்ளையைக் காப்பாற்றுவதாக நினைத்து நீங்கள் எழுதும் அந்த நான்கு வரி, உதவி வந்து சேரும் வழியைத்தான் அடைக்கிறது. மூன்றாம் தவணையிலிருந்து, எம்சி என்னும் மருத்துவச் சான்றிதழ் இல்லாமல் தொடர்ந்து இரண்டு நாள் வராத ஒவ்வொரு மாணவரின் வீட்டுக்கும் அன்று மாலையே அழைப்போம். பதில் இல்லையென்றால் வகுப்பாசிரியரும் ஆலோசகரும் கதவைத் தட்டுவார்கள். கட்டாயக் கல்விச் சட்டம் 2003இல் நடப்புக்கு வந்தது. அது தொடக்கப்பள்ளி வரைக்கும்தான். உயர்நிலையில் பிள்ளை நின்றுவிட்டால் சட்டம் தேடி வராது, நாங்கள்தான் வரவேண்டும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 16 வயது ஆகாதவர்களை இரவு 11 மணிமுதல் காலை 6 மணிவரை வேலை வாங்கக்கூடாது. யாராவது வாங்கினால் எங்களிடம் சொல்லுங்கள். பிள்ளையை நாங்கள் கோபிக்கமாட்டோம்.

"நான் எட்டாவதோடு நின்றவன், பிழைக்கவில்லையா?" என்று ஓர் அப்பா என்னிடம் கேட்டார். பிழைத்தார், அதுவும் கௌரவமாக. அவர் வேலைக்கு வந்த காலத்தில் ஆளைப் பார்த்து வேலை கொடுத்தார்கள். இன்று அதே வேலைக்கு இணையத்தில் விண்ணப்பிக்கவேண்டும், முதல் கட்டத்திலேயே "கல்வித் தகுதி" என்று கேட்கிறது. அதோடு, நம் பிள்ளைகளுக்கு இருக்கும் பாதை அவருக்கு இருக்கவில்லை. உயர்நிலை 4 முடிவில் வழக்கநிலைத் தேர்வு (என்-லெவல்) எழுதியவர் தொழில்நுட்பக் கல்விக் கழகத்துக்குப் போகலாம். அங்கே நன்றாகச் செய்தால் பலதுறைத் தொழிற்கல்லூரி, அங்கிருந்து பல்கலைக்கழகம் என்று போனவர்கள் நம் பழைய மாணவர்களிலேயே இருக்கிறார்கள். சுற்றுவழிதான், ஆனால் சாலை போட்டு வைத்திருக்கிறார்கள். அதில் ஏறுவதற்கு இந்தத் தேர்வை எழுதியிருக்கவேண்டும், அவ்வளவுதான்.

"அடுத்த வருடம் எழுதிக்கொள்ளலாம்" என்றும் சிலர் சொல்கிறார்கள். 2027 முதல் வழக்கநிலை, சாதாரண நிலை (ஓ-லெவல்) என்ற தேர்வுகளே இருக்காது. இரண்டுக்கும் பதிலாக ஒரே பொதுச் சான்றிதழ் வருகிறது. பள்ளியை விட்டு வெளியே நிற்கும் பிள்ளை, தானே பதிவுசெய்து, தானே பணம் கட்டி, தானே படித்துப் புதிய தேர்வை எழுதவேண்டியிருக்கும். பள்ளியில் இருக்கும் குடியுரிமை பெற்ற மாணவருக்குத் தேர்வுக் கட்டணமே கிடையாது.

இன்னொரு விஷயம். தொழில்நுட்பக் கல்விக் கழகமும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளும் மதிப்பெண்ணை மட்டும் பார்க்காமல், ஆர்வத்தையும் திறனையும் பார்த்து முன்கூட்டியே இடம் தரும் முறை ஒன்று உண்டு. அதற்கான விண்ணப்பமும் நேர்காணலும் ஆண்டின் நடுப்பகுதியில்தான் நடக்கும், அதாவது நம் பிள்ளைகள் தொலைந்துபோகும் அதே சமயத்தில். உணவங்காடி நிலையத்தில் மாமாவின் கடையில் பரோட்டா போடும் பையன், சமையற்கலைப் படிப்புக்கான நேர்காணலில் அதையே சொல்லலாம். வேறு யார் அவனைவிட நன்றாகச் சொல்லப்போகிறார்கள்? எங்கள் வாழ்க்கைத்தொழில் வழிகாட்டி ஆலோசகரிடம் பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும்.

பணம் பற்றியும் பேசிவிடுவோம். கல்வி அமைச்சின் நிதி உதவித் திட்டத்தில் பள்ளிக் கட்டணம், பாடநூல், சீருடை, பள்ளி உணவு, போக்குவரத்து எல்லாவற்றுக்கும் உதவி உண்டு. தகுதி இருந்தும் விண்ணப்பிக்காத குடும்பங்கள் இருக்கின்றன. காரணம் கேட்டால் "நாலு பேர் என்ன நினைப்பார்கள்" என்கிறார்கள். யாருக்கும் தெரியாது. மற்ற பிள்ளைகள் தட்டுகிற அதே அட்டையைத் தட்டித்தான் உங்கள் பிள்ளையும் கேன்டீனில் சாப்பிடும். குடியுரிமை இல்லாத பிள்ளைகளுக்கு இந்தத் திட்டம் பொருந்தாது, ஆனால் பள்ளியிடம் வேறு நிதி இருக்கிறது, வந்து கேளுங்கள். சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவையும் மறக்கவேண்டாம். மாதாமாதம் உங்கள் சம்பளத்திலிருந்து ஒரு சிறு தொகை பிடிக்கிறார்களே, அது 1991 முதல் இந்தியப் பிள்ளைகளின் படிப்புக்காக இயங்கும் சங்கத்துக்குப் போகிறது. துணைப்பாட வகுப்பும் உதவித்தொகையும் கேட்பது பிச்சையல்ல, நீங்கள் போட்ட பணம்.

எங்கள் பக்கத்திலும் தவறு உண்டு. பகல் ஷிஃப்டில் நிற்கும் பெற்றோரைப் பகல் பதினொரு மணிக்கு அழைத்துவிட்டு, "எடுக்கவில்லை" என்று குறித்துக்கொண்டிருந்தோம். இனி மாலை ஏழு முதல் எட்டரை வரை அழைப்போம். தமிழில் பேச இரண்டு ஆசிரியர்கள் முன்வந்திருக்கிறார்கள். தவறவிட்ட அழைப்பு என்றால் ஒரு செய்தி மட்டும் அனுப்புங்கள், "வீட்டில் கஷ்டம்" என்ற இரண்டு வார்த்தை போதும். மிச்சத்தை நேரில் பேசிக்கொள்ளலாம்.

விடுமுறையிலும் திங்கள், புதன், வெள்ளி காலை 9 முதல் மதியம் 1 வரை நூலகம் திறந்திருக்கும். படிக்க வருபவர்களுக்குச் சாப்பாடு உண்டு. வேலைக்குப் போகும் பிள்ளைகள் ஒரு நாளாவது வரட்டும். முதலாளியிடம் பேசவேண்டுமென்றால் நானே பேசுகிறேன். போன ஆண்டு ஒரு காப்பிக் கடைக்காரரிடம் பேசினேன். பையனைச் செப்டம்பர் வரை சனி, ஞாயிறு மட்டும் வரச் சொன்னார், எனக்கு ஒரு கோப்பி-ஓவும் கொடுத்தார்.

பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு, பெற்றோர் சந்திப்புக்குச் சீருடையோடு ஓடிவந்த உங்களில் பலரை நான் பார்த்தேன். அதற்கு என் மனமார்ந்த நன்றி. பாட்டிகள், பெரியம்மாக்கள், அக்காமார்கள் என்று பெற்றோர் இடத்தில் நின்று கையெழுத்துப் போடுபவர்களுக்கும் நன்றி. உங்கள் குடும்பத்தினர் அனைவரும் விடுமுறையை நலமாகக் கழிக்க வாழ்த்துகள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு.: இந்தக் கடிதத்தோடு ஒரு பச்சை நிறச் சீட்டு இணைத்திருக்கிறேன். விடுமுறையில் பிள்ளை எங்கே இருப்பார், மாலையில் உங்களை எந்த எண்ணில் பிடிக்கலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். கடிதத்தைப் பிள்ளை வாசித்துச் சொல்லியிருந்தால், சீட்டு எங்கே என்று கேளுங்கள்.